பள்ளத்து மேயர்

சவரிமுத்து சென்ற செவ்வாய்க்கிழமை காலை பொது மருத்துவமனையில் இறந்துபோனார். மறுநாள் அடக்கம் முடிந்தது. நம் கடைத்தெருவிலிருந்து போனவர்கள் நானும் துணிக்கடைக் கணக்குப்பிள்ளையும்தான். பள்ளத்துக் கம்போங் குடிசைகளில் முன்பு குடியிருந்தவர்கள் தோ பாயோ அடுக்குமாடிகளிலிருந்து லாரி பிடித்து வந்திருந்தார்கள். லாரியில் இடம் போதாமல் பலர் பஸ் ஏறி வந்து, வியர்வையோடு கல்லறைக்குள் நுழைந்தார்கள்.

செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் ஆ செங். ஒரு காலத்தில் பள்ளத்தில் பன்றி வளர்த்தவர், இப்போது சந்தையில் மீன் விற்கிறார். பன்றி வளர்த்த காலத்தில் முஸ்லிம் கடை என்று என் படி ஏறமாட்டார். தொழிலை மாற்றிய பிறகும் அந்த மரியாதையை மாற்றவில்லை. அன்றும் கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் நின்றபடியே, "தவுக்கே, மீட்டர் சுடா மாத்தி லா" என்று மலாயில் சொன்னார். பள்ளத்துக்காரர்களுக்குச் சவரிமுத்து கடைசிவரை 'மீட்டர்'தான். முதலாளி, மீட்டர் செத்துப்போய்விட்டார் என்று சொன்ன மனிதர், என் கடையிலிருந்து சரிந்து விழுந்திருந்த ஒரு வெங்காயத்தை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மாலை காப்பிக்கடை மாடியில் நம் கடைக்காரர் சங்கம் கூடியது. சவரிமுத்துவின் படத்தை அந்த மண்டபச் சுவரில் மாட்டவேண்டும் என்று நான் எழுந்து சொன்னேன். செயலாளர் தங்கவேலு, பாத்திரக்கடைக்காரர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்தால் மறுப்பு வருகிறது என்று அர்த்தம்.

"நல்ல மனுஷன்தான் பாய், இல்லேங்கல. ஆனா இந்தச் சுவத்துல தொங்குறவங்க எல்லாம் தெருவுக்கு எதாச்சும் செஞ்சவங்க. முத்து நமக்கு என்ன செஞ்சாரு? செஞ்சதெல்லாம் பள்ளத்துக்கு. பள்ளத்துக்காரங்க மாட்டிக்கட்டும்."

"பள்ளமே இப்ப இல்லையே, எந்தச் சுவத்துல மாட்டுவாங்க?" என்றார் ஒருவர்.

"பள்ளத்து மேயர்தானே!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான். இத்தனை ஆண்டு கழித்தும் அது மங்காமல் இருக்கிறது. நான் விற்ற சரக்கில் இவ்வளவு நாள் தாங்கியது வேறெதுவும் இல்லை.

என்ன செய்தார் என்ற கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. இந்தத் தெருவில் வேறு யாரிடமும் முழுதாக இல்லை. கூட்டத்தின் முதல் அரைமணி நேரம் அது என் வாயிலிருந்து வரவில்லை. பிறகு வந்தது. வந்ததை இங்கே எழுதுகிறேன். எனக்கு மெச்சி எழுதத் தெரியாது. மூட்டையைப் பிரித்துக் கொட்டிக் காட்டித்தான் பழக்கம். அழுகல் இருந்தால் அதுவும் சேர்ந்து விழும்.

சவரிமுத்து நகரசபையில் தண்ணீர் மீட்டர் படிக்கிற வேலையில் இருந்தார். என் கடையில் மீட்டர் பின்கட்டுத் தரையில் ஒரு குழிக்குள் இருந்தது. அதன்மேல் எப்போதும் வெங்காய மூட்டை அடுக்கியிருப்பேன். அவருக்கு முன்னால் வந்தவர்கள் மூட்டையைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், ஏதோ ஓர் எண்ணை எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த எண் எனக்கு நஷ்டமாக இருந்ததில்லை.

"மூட்டைய நகத்துங்க பாய்."

"ஆள் இல்ல. போன மாசம் எழுதின மாதிரியே எழுதிட்டுப் போங்க."

"போன மாசம் எழுதினது நான் இல்ல."

அவ்வளவுதான். உருளைக்கிழங்கு மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள், யார் இவர் என்று கேட்டார்கள். நான் முறைத்தேன். "நீங்க யாவாரத்தப் பாருங்க. இங்க நெழல் நல்லா இருக்கு" என்றார். நண்பகலுக்குள் மூட்டைகளை நானே நகர்த்தினேன். மனிதரைக் கரைக்கலாம் என்று தேநீர் வாங்கிக் கொடுத்தேன். மிச்சம் வைக்காமல் குடித்தார். குடித்துவிட்டுச் சரியான எண்ணையே எழுதினார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றுதான். இந்தப் பிடிவாதம் நமக்கு எதிராக இருக்கும்போது இவ்வளவு தொல்லை என்றால், நம் பக்கம் இருந்தால் எவ்வளவு லாபம் என்று வியாபாரி புத்தி யோசித்தது. நகரசபைக்குத் தேர்தல் அறிவித்தபோது அவரை வேலையை விடவைத்து வேட்பாளராக நிறுத்தியதில் என் பங்கு பெரிது. என் லாரிதான் ஓடியது. சுவரொட்டிக்குப் பசை காய்ச்சியதும் என் கடைப் பின்கட்டில்தான்.

நம் தெரு மேட்டில் இருக்கிறது. கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தைத் தாண்டிச் சரிவு, சரிவின் அடியில் பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் காலாங் ஆறு. மழை பெய்தால் பின்சந்தில் முழங்கால் நீர் நிற்கும். அங்கே ஒழுங்கான சாக்கடை வேண்டும் என்பதுதான் எங்கள் ஒரே கோரிக்கை. காப்பிக்கடையில் நாலு பேர் முன்னால் பேசினோம்.

"முத்து, நீ ஜெயிச்சா மொத வேலை சாக்கடை."

"சாக்கடைதான் மொத வேலை" என்றார். கை கொடுத்தார்.

வெங்காயம் வாங்குவதற்கு முன் எந்தக் கப்பல், எத்தனை நாள் வழியில் கிடந்தது, அடிமூட்டை ஈரமா என்று பத்துக் கேள்வி கேட்கிறவன் நான். சாக்கடையை எந்த முனையிலிருந்து தொடங்குவாய் என்று கேட்கவில்லை. ஆற்றங்கரையிலிருந்துதான் தொடங்குவேன் என்று அவர் தேர்தல் மேடையிலேயே சொன்னாராம். நான் அப்போது மேடைக்குப் பின்னால் சோடா விநியோகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வென்றார். சில மாதங்களில் மண்வெட்டியோடு ஆட்கள் இறங்கினார்கள். இறங்கியது ஆற்றோரத்தில். எங்கள் சந்துக்கு ஒரு செங்கல்கூட வரவில்லை. நான் போய்ப் பிடித்தேன். பள்ளத்துக்குப் போகும் பலகைப் பாலத்தில் நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டு வாங்கித் தந்தது மேட்டுக்காரன். சாக்கடை பள்ளத்துக்காரனுக்கா?"

"மேல மொதல்ல வெட்டினா தண்ணி வேகமா எறங்கும் பாய். கீழ இருக்கறவன் கதி?"

"அது அவன் கதி."

"தண்ணி எங்க போவுதுன்னு ஒருதடவ பாத்துட்டுச் சொல்லுங்க" என்று முன்னால் நடந்தார். இதுதான் அவர் வேலை செய்த விதம். மனுக்கொடுக்க வந்தவர்களை வீட்டில் உட்காரவைத்துப் பேசமாட்டார். எழுப்பி, நடக்கவைத்து, அவர்கள் வீட்டுத் தண்ணீர் போகிற வழியெல்லாம் கூட்டிப்போவார். பாதிப் பேர் பாதி வழியில் மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள்.

நான் காலில் வெள்ளைச் சப்பாத்து போட்டிருந்தேன். அது அன்றோடு போயிற்று. பள்ளத்தில் அஞ்சலை என்கிற பெண்ணின் வீட்டு வாசலில் நிறுத்தினார். நகரசபைத் துப்புரவுத் தொழிலாளியின் மனைவி, வாய் கொஞ்சம் நீளம். கட்டிலைச் செங்கல் அடுக்கி உயர்த்தியிருந்தார்கள். பலகைச் சுவரில் கரிக்கோடுகள். "இது போன தீவாளிக்கு வந்த வெள்ளம். இது அதுக்கு முந்தின வருசம். இந்தக் கோடு எங்க மாமியா இருக்கறப்ப" என்று விரலால் காட்டினாள். மேல்கோடு என் மார்புக்கு இருந்தது.

"இவருதான் வெங்காயக்கடை மீராசா பாய்" என்றார் சவரிமுத்து.

"தெரியாதா எனக்கு? ஒவ்வொரு மழைக்கும் நம்ம வீட்டுக்கு வர்றவருதானே!" என்றாள். எனக்கு விளங்கவில்லை. வாசலில் கால்மிதியாகக் கிடந்த சாக்கைப் புரட்டிக் காட்டினாள். மையில் என் கடை முத்திரை. "சாக்கு பரவாயில்ல, ஒதவுது. உங்க வெங்காயத் தோலு மெதந்து வந்து எங்க அடுப்புக்குள்ள குந்திக்குதே, அதுக்கு வாடகை யாரு குடுப்பா பாய்?"

பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். வெங்காயத் தோல் மட்டுமா போயிருக்கும்! எங்கள் பின்சந்துக் கக்கூஸ் வாளிகள் மழையில் நிரம்பி வழிந்ததும் அந்த வழியாகத்தான் போனது. அதை அவள் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

திருந்திவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். மேட்டுக்குத் திரும்பி, காப்பிக்கடையில் உட்கார்ந்து, "நாம நகரசபைக்கு ஆள் அனுப்பல, பள்ளத்துக்கு மேயர் அனுப்பிட்டோம்" என்றேன். மாலைக்குள் தெரு முழுவதும் பரவிவிட்டது. அடுத்த கூட்டத்தில் யாரோ அவர் முகத்துக்கு நேராகவே "பள்ளத்து மேயர் வர்றாரு" என்றார்கள். சவரிமுத்து சிரிக்கவில்லை. பிறர் நகைச்சுவைக்குச் சிரிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "மேட்டுக்கு இருக்கற மேயர் போதாதா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

அவருடைய குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மேடையில் பேசத் தெரியாது. காகிதத்தைப் பார்த்துப் படிப்பார், அதிலும் ஒரு வரி தாண்டிப்போகும். எஞ்சினியரோடு சண்டை போட்டு வேலையை இரண்டு வாரம் நிறுத்தியிருக்கிறார். சுருட்டு நாற்றம் தாங்காது. சங்கம் தெருமுனையில் மணிக்கூண்டு கேட்டபோது, "மணிக்கூண்டு வச்சா மணி தெரியும், தண்ணி வடியாது. கைல கடியாரம் கட்டினவன்தான் மணிக்கூண்டு கேக்குறான்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். சொன்ன விதம் தவறு. விஷயம் தவறா என்று இன்று கேட்டால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

முதலில் குடிநீர், பிறகு வடிகால், பிறகு விளக்கு, மற்றதெல்லாம் அப்புறம். இதுதான் அவர் வரிசை. எதுவானாலும் தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்கவேண்டும். பள்ளத்தில் இரண்டு பொதுக்குழாய் வந்தது. பெண்கள் வாளியோடு மேட்டுக்கு ஏறிவந்து காத்துக்கிடந்தது நின்றது. ஆற்றிலிருந்து கான்கிரீட் வடிகால் பள்ளத்தின் நடுவாகச் சரிவேறி வந்தது. பலகைப் பாலத்தருகே விளக்குக் கம்பம் நட்டார்கள். அந்த வடிகால் எங்கள் பின்சந்தைத் தொட வந்து, என் கடைக்கு நேர் கீழே சரிவில் நின்றுவிட்டது. ஒன்றரை ஆண்டுகூட நிறையாமல் நகரசபையையே கலைத்துவிட்டார்கள். சுயாட்சி வந்தது, எல்லாம் அரசாங்கத் துறைகளுக்குப் போனது, சவரிமுத்துவுக்குப் பதவி இல்லை. பழைய வேலையும் இல்லை. சைக்கிளில் போய்க் குழாய் பழுதுபார்த்துப் பிழைத்தார்.

"எல்லாம் பள்ளத்துக்கே செஞ்சான், நமக்குக் கடைசி அடியில கைய விரிச்சான்" என்று தெரு பேசியது. இன்றும் பேசுகிறது. தங்கவேலு கேட்ட கேள்வியின் வேர் அதுதான்.

அந்தக் கடைசி அடி ஏன் நின்றது? பின்சந்தின்மேல் ஒரு கொட்டகை இருந்தது. தகரக் கூரை, பலகைச் சுவர், உள்ளே வெங்காயமும் காய்ந்த மிளகாயும். சந்து நகரசபைக்குச் சொந்தம். கொட்டகை என்னுடையது. அனுமதி வாங்காமல் நான் கட்டியது. வடிகால் மேலே வரவேண்டுமானால் கொட்டகை போகவேண்டும். சவரிமுத்து மூன்று முறை வந்து கேட்டார். முதல்முறை சிரித்து மழுப்பினேன். இரண்டாம் முறை வெங்காயம் கப்பலில் வருகிறது, விற்று முடியட்டும் என்றேன். மூன்றாம் முறை, "நோட்டீஸ் அனுப்பு, வக்கீல் பதில் சொல்லுவார்" என்றேன். நோட்டீஸ் வந்தது, வக்கீல் பதில் சொன்னார், பதிலுக்குப் பதில் வருவதற்குள் நகரசபை போய்விட்டது. அன்று நான் வென்றேன் என்று நினைத்து ஆட்டுக்கால் சூப் வாங்கிக் குடித்தேன்.

அடுத்து வந்த பெருமழைகளில் ஒன்று எல்லாருக்கும் நினைவிருக்கும். விடிகாலையில் தொடங்கிய மழை. பள்ளத்துக்குள் வந்த வெள்ளம் நண்பகலுக்குள் வடிந்துவிட்டது. எங்கள் பின்சந்தில் வடிய வழியில்லாமல் கடைகளுக்குள் ஏறியது. அடிமூட்டைகள் எல்லாம் போயின. நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றபோது, அஞ்சலையும் ஆ செங்கும் இன்னும் சிலரும் சரிவேறி வந்து மூட்டை தூக்கினார்கள். ஆ செங் மட்டும் கடைக்குள் வராமல் சந்திலேயே நின்று வாங்கிக் கைமாற்றினார். தூக்கும்போதும் அவள் வாய் ஓயவில்லை.

"வெங்காயத் தோலு இப்ப வீட்டுலயே தங்கிடுச்சு போலிருக்கே பாய்! எங்க வீட்டுக்கு வழி மறந்துபோச்சா?"

சவரிமுத்து சைக்கிளைப் பலகைப் பாலத்தில் சாத்திவிட்டுக் கடைசியாக வந்தார். பதவி போய் நாலைந்து ஆண்டு ஆகியிருந்தது. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டியிருந்தார். மூட்டை எதையும் தூக்கவில்லை. நேராகக் கொட்டகைக்குள் போய்த் தரையைக் காலால் தடவிப்பார்த்துவிட்டு வந்தார்.

"நம்ம வடிகாலு உங்க கொட்டாய்ச் செவுத்துக்கு அடியிலதான் நிக்குது. டிபார்ட்மெண்டுல பேசிட்டேன். சந்து காலியா இருந்தா மிச்சத்தப் போட்டுத் தருவாங்க. கொட்டாய நீங்களே பிரிச்சிருங்க. நஷ்டஈடு கேக்கக்கூடாது. யாரு கொட்டாயால நின்னுச்சுன்னு நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

"ஏன் சொல்லமாட்ட? உன்னத்தான தெருவே திட்டுது."

"சொன்னா நாலு பேரு உங்க மேல பாய்வாங்க. நீங்க வீம்புக்குக் கோர்ட்டுக்குப் போவீங்க. எனக்குச் சந்து வேணும் பாய். உங்க மானம் எனக்கு எதுக்கு?"

மறுநாள் பிரிக்கத் தொடங்கினேன். என் கொட்டகை போனதும், சந்தில் சிறிது சிறிதாக நீட்டிக் கட்டியிருந்த வேறு மூவரும் தாமாகவே பிரித்தார்கள். அரசாங்கத் துறை வந்து வடிகாலை மேலே இழுத்து முடித்தது. அன்றிலிருந்து நம் தெருவில் கணுக்கால் நீர்கூட நின்றதில்லை. அப்போது சங்கத் தலைவர் நான். தலைவர் முயற்சியால் சாக்கடை வந்தது என்று தீர்மானம் போட்டார்கள், மாலை போட்டார்கள், என் படத்தைச் சுவரில் மாட்டினார்கள். சவரிமுத்து கடைசி வரிசையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். நான் எழுந்து ஏற்புரை பேசினேன். கொட்டகையைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. படி இறங்கும்போது என் பக்கத்தில் வந்தார்.

"போட்டோ நல்லா விழுந்திருக்கு பாய். மூக்குதான் கொஞ்சம் பெருசா தெரியுது" என்றார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே நகைச்சுவை அதுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஒப்பந்தப்படி நடந்தார்.

பள்ளமே இல்லாமல் போனபின் அவர் போட்ட வடிகாலுக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. கம்போங் போய்விட்டது, அஞ்சலை பத்தாவது மாடியில் இருக்கிறாள். தண்ணீர் பழைய வழியைத்தான் பிடிக்கிறது. இன்றைக்கும் நம் தெரு மழைநீர் அவர் ஆற்றங்கரையில் தொடங்கிய வடிகால் வழியாகத்தான் ஆற்றில் போய் விழுகிறது. சந்தேகம் இருந்தால் அடுத்த மழைக்கு என்னோடு நடந்து வாருங்கள். சப்பாத்து வேண்டாம்.

இவ்வளவையும்தான் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். கொட்டகை என்னுடையது, பட்டப்பெயர் என்னுடையது, இந்தச் சுவரில் தொங்குகிற பெரிய மூக்கும் என்னுடையது என்றேன். கொட்டகை நீட்டியிருந்த மற்ற மூவரில் ஒருவர் தேநீர் எங்கே என்று பையனைத் தேடினார். தங்கவேலு மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார்.

"பாய், பழசெல்லாம் இப்ப எதுக்கு? செவுத்துல எடமா இல்ல? உங்க படத்துக்குப் பக்கத்துலயே ஒண்ணு மாட்டிருவோம், முடிஞ்சது."

"பக்கத்துல வேணாம். அதே ஆணி."

"உங்க படம்?"

"கடையில வெங்காயத்துக்கு மேல மாட்டிக்கிறேன். ஈ ஓட்டும்."

சிரிப்பு வந்தது, ஆனால் அதே ஆணிக்கு யாரும் இணங்கவில்லை. மாட்டாவிட்டால் இதே கதையைத் தெருமுனையில் நின்று, கொட்டகை வைத்திருந்த நாலு பேர் பெயரையும் சேர்த்து ஒவ்வொரு மழைக்கும் சொல்வேன் என்றேன். அதன்பிறகு பேரம் வேகமாக நடந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது பொருள் ஒன்றும் இல்லை. ஒரு கேள்வி மிஞ்சியிருக்கிறது. யார் எதைக் கட்டப்போகிறோம் என்று வந்தாலும், தண்ணீர் எங்கே போகும் என்று முதலில் கேட்கிறேன். சங்கத்தில் இதற்காக என்னைக் கண்டால் இப்போதே சிலர் ஒதுங்குகிறார்கள். ஒதுங்கட்டும்.

முடிவான நிபந்தனைகள் இவை. என் படம் இறங்கும், அதே ஆணியில் சவரிமுத்துவின் படம் ஏறும். கண்ணாடிச் சட்டத்தின் செலவு என்னுடையது. படத்தின் கீழே பெயரும், பெயருக்குக் கீழே 'பள்ளத்து மேயர்' என்றும் எழுதப்படும். மாட்டுகிற நாளில் அஞ்சலையும் ஆ செங்கும் முன்வரிசையில் உட்காருவார்கள். பதிலுக்கு, நான் எழுதுகிற இந்த நினைவஞ்சலியில் கொட்டகை வைத்திருந்த மற்ற மூவரின் பெயர் வரக்கூடாது. வரவில்லை.